முதல் பவளத்துக்கு முன் மூன்று மாதம்

தேவகோட்டைத் தம்பி ஒருவர் சென்ற மாதம் போனில் கூப்பிட்டார். உப்புநீர்த் தொட்டி வைத்து எட்டு நாள் ஆகிறதாம். தண்ணீர் ஸ்படிகம் மாதிரி இருக்கிறதாம். சென்னைக் கடை ஒன்றில் பச்சையும் ஊதாவுமாக ஒரு பவளம் பார்த்து வைத்திருக்கிறார். அனுப்பச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். அம்மோனியா எவ்வளவு காட்டுகிறது என்றேன். "அதெல்லாம் பார்க்கவில்லை அண்ணே, தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது" என்றார். அம்மோனியா கழிவிலிருந்து வரும் நச்சு. அது கலந்த தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் என் முதல் தொட்டியையும் கெடுத்தது.

பவளத்தை விட்டுவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்து வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரவும் பற்றும் ஏட்டில் நிற்க வேண்டும். மனக்கணக்கு போட்டவன் கடை நிலைத்ததில்லை. தொட்டி தயாராகிவிட்டதா என்பதையும் அந்த நோட்டுதான் சொல்லும். தண்ணீர்ச் சோதனை எண்கள் இரண்டு வாரம் ஆடாமல் நின்றால் பவளம் வாங்கலாம். அந்த நிலைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இரண்டரை மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. அவருக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எந்தப் பவளம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடல் நமக்குத் தூரமில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் பஸ் ஏறினால் கடற்கரை வந்துவிடும். அதனால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவது விளையாட்டான காரியம் அல்ல. கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் வன்பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் சேர்க்கப்பட்டவை. கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் இவற்றுக்கும். செத்த துண்டாக இருந்தாலும் சட்டம் பொருந்தும். சிறைத் தண்டனை மூன்று ஆண்டில் தொடங்குகிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. கடல் குதிரையும் கடல் அட்டையும் தொட்டிக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் வீட்டில் என்ன வளர்ப்பது? எலும்புக்கூடு கட்டாத மென்மையான வகைகள் இருக்கின்றன. பொத்தான் போல் கூட்டமாகப் பூக்கும் சோவாந்திட், வட்டத் தட்டு போன்ற காளான் பவளம், தோல் பவளம், புல்தரை போலப் படரும் நட்சத்திரப் பாலிப். புதியவர் தொடங்க வேண்டியதும் இவற்றில்தான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிற இனங்கள் இவை. கடைக்காரரிடம் இனப்பெயரைக் கேளுங்கள், வளர்ப்புத் துண்டா என்று கேளுங்கள், பில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வன்பவளம் என்று ஆசை காட்டுபவரிடம் இறக்குமதி ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். வன்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. ஆவணம் கேட்டதும் கடைக்காரருக்குக் கோபம் வந்தால் கடையை மாற்றிவிடுங்கள்.

தொட்டிக்கு ஓர் இடம்

செட்டிநாட்டு வீட்டுக்காரர் எவருக்கும் முதலில் தோன்றுவது வளவில், முற்றத்தை ஒட்டி வைக்கலாம் என்பதுதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பதினோரு மணி வெயில் நேராக விழும், பாசி கொழுக்கும், தண்ணீர் கொதிக்கும். வீட்டின் இரண்டாம் கட்டில் வெயில் படாத உள்சுவர் ஓரம் நல்லது. கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள பழைய வீட்டின் உள்ளறை, கான்கிரீட் வீட்டை விடக் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டிக்கு இது பெரிய வரம்.

மாடி வேண்டாம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும். நூறு வயதுத் தேக்கு உத்தரத்தின் மேல் அதை ஏற்றிப் பார்க்க வேண்டாம். இதைவிடச் சிறிய தொட்டியும் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் எண்கள் சட்டென்று ஆடும். அதனால் சின்னத் தொட்டியைப் பழகிய கைதான் வளர்க்க வேண்டும்.

இரும்பு ஸ்டாண்ட் வாங்காதீர்கள். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் கட்டி மேலே கடப்பைக் கல் போட்டு, அதன் மேல் அரை அங்குலத் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வையுங்கள். மட்டக்கோல் வைத்து நான்கு மூலையும் பாருங்கள். கீழே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் தார்ப்பாய் ஒன்று நிரந்தரமாக விரித்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால் அந்தக் கல் பூத்துப்போய் வெளுக்கும். என் வீட்டில் மூன்று கல் வெளுத்திருக்கிறது. அப்பத்தா இன்றுவரை அந்த இடத்தைத் தாண்டும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

அதே அறையில் கொசுமருந்து திரவமோ, பூச்சி ஸ்ப்ரேயோ கூடாது. அந்த மருந்துகள் இறால், நண்டு வகையறாவைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை போல வேலை செய்யும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை வேறு அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

பவளத் தொட்டியில் நடக்கும் பாதித் தவறுகள் தண்ணீரில் நடப்பவை. ஆகவே இதைச் சற்று நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. குடிக்க அதற்கு ஈடில்லை, தொட்டிக்கு ஆகாது. நாக்குக்கு ருசி தருவது கரைந்திருக்கும் தாதுக்கள். நமக்கு வேண்டியது ஒன்றுமே கரையாத வெறும் தண்ணீர். தாதுக்களை அளந்து நாமே சேர்க்கப் போகிறோம். ஆழ்குழாய்த் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஆர்.ஓ. வடிகட்டி, அதற்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று. கடைசியில் வரும் தண்ணீரில், கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஐந்து, ஆறு என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள்.

சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் ஆர்.ஓ. போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. அதில் ருசிக்காகத் தாது சேர்க்கும் குழாய் ஒன்று இருக்கும். இப்போது வருகிற பல மாடல்களில் 'செம்புச் சத்து' வேறு சேர்க்கிறார்கள். மனிதனுக்கு நல்லதோ இல்லையோ, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு விஷம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் தொட்டி வைத்த புதிதில், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்ற ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் வாளி அழுக்காக இருந்தது. கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இரண்டாம் கட்டில் இருந்தது. அதில் பிடித்து வைத்தேன். எதுவும் கரையாத சுத்தத் தண்ணீருக்குப் பசி அதிகம், பாத்திரத்தைத் தின்னும். பித்தளையில் பெரும்பகுதி செம்புதான். இரண்டு இரவு கிடந்த தண்ணீரை மூன்றாம் நாள் காலை ஊற்றினேன். சாயங்காலம், பாறையடியில் எப்போதும் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும் இறால் மல்லாந்து கிடந்தது. காலை மட்டும் மெதுவாக ஒன்றன்பின் ஒன்றாக மடக்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. செம்பு பாறையிலும் மணலிலும் ஏறிவிடும் என்பதால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். நம் வீடுகளில் அண்டா, தவலை, குடம் எல்லாம் பித்தளையிலும் செம்பிலும் நிறைந்து கிடப்பதால் இதைத் திரும்பச் சொல்கிறேன்: தொட்டித் தண்ணீர் தொடுகிற எதுவும் உலோகமாக இருக்கக் கூடாது. உணவுத் தர பிளாஸ்டிக் டிரம் இரண்டு வாங்குங்கள், மேலே 'தொட்டி' என்று மார்க்கரால் எழுதுங்கள். எழுதாவிட்டால் யாராவது அதில் மாவு கரைத்துவிடுவார்கள்.

ஆர்.ஓ. கழிவு நீர் நல்ல தண்ணீரைப் போல மூன்று மடங்கு வரும். முற்றம் கழுவ அதை வைத்துக்கொள்ளலாம்.

உப்பு

தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடல்தானே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து பிரிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு படியும். அதை வாரிக்கொண்டு, மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். கைக்கு வரும் உப்பில் பவளத்துக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இல்லை, மக்னீசியமும் போதாது. தொண்டிக் கடல்நீரை டிரம்மில் கொண்டுவரலாமா என்றால், பாக்கு விரிகுடாக் கரைத் தண்ணீர் கலங்கல், சேறு. மழைக்காலத்தில் உப்புச் செறிவும் குறைந்திருக்கும். பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பையே வாங்குங்கள்.

டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, உள்ளே பம்பு ஓடவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.7 கிலோ ஆகும். பாக்கெட்டில் இருக்கும் அளவையும் பாருங்கள். ஓர் இரவு ஓடட்டும். காலையில், உப்புச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 வர வேண்டும். அடர்த்தி எண்ணாகப் பார்த்தால் 1.026. கருவியை 35 அளவுள்ள திட்டக் கரைசலை வைத்துச் சரிசெய்யுங்கள், வெறும் தண்ணீரை வைத்து அல்ல. முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் அளவியில் ஒரு சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டாலே கணக்கு தப்பிவிடும்.

பாறை, மணல், ஓட்டம்

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் உயிர்ப்பாறை நமக்குக் கிடையாது. அது பவளப் பாறைதான், சட்டம் முன்பே சொன்னேன். பீங்கான் போலச் சுட்டுச் செய்த நுண்துளைப் பாறைகள் கிடைக்கின்றன. சிமென்டில் வார்த்தவை மலிவு. ஆனால் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காரம் இறங்கிய பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். பத்துப் பதினைந்து கிலோ போதும். குகையும் சந்தும் வரும்படி அடுக்குங்கள். சுவர் போல அடுக்கினால் பின்னால் அழுக்கு தங்கும். பாறையைக் கண்ணாடித் தளத்தில் வைத்துவிட்டுப் பிறகு மணலைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் தோண்டும் மீன் ஒன்று ஒருநாள் பாறையைக் கவிழ்க்கும். மணல் ஒரு அங்குலம், அரகொனைட் என்னும் சுண்ணாம்பு வகை. கடற்கரை மணல் வேண்டாம்.

மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 15 மடங்கு தண்ணீரைத் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று. அழுக்கை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாராவாரம் தண்ணீர் மாற்றுபவர் சமாளிக்கலாம். மின்கம்பிகள் பிளக்குக்குப் போகும் முன் தாழ்ந்து வளைந்து போகட்டும்; வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீடு என்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போட்ட பிறகுதான் தொட்டியில் தண்ணீர்.

சித்திரை வெயில்

26 டிகிரியை ஒட்டித் தண்ணீர் இருப்பது நல்லது. நம் ஊரில் சித்திரையில் வெளியே 40ஐத் தொடும்போது தொட்டி 31, 32 போகும். கடலிலேயே அந்தச் சூட்டில் பவளங்கள் நிறம் வெளுக்கின்றன; மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அது நடந்தது. திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசியைப் பவளம் சூடு தாங்காமல் வெளியேற்றிவிடுகிறது. அதைத்தான் வெளுப்பு என்கிறார்கள்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் விலை தொட்டி விலையைத் தாண்டும். முதலில் இரண்டு சிறிய மின்விசிறிகளைத் தண்ணீர்ப் பரப்பை நோக்கி வையுங்கள். மண்பானை குளிர்கிற அதே கணக்குதான்: ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். என் தொட்டியில் கோடையில் நாளுக்கு நான்கைந்து லிட்டர் காணாமல் போகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே ஈடு செய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத டி.ஐ. தண்ணீர். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக் காலையும் மாலையும் அந்தக் கோடுவரை ஊற்றுங்கள். மிதவை வைத்த தானியங்கிப் பம்பு இருந்தால் நிம்மதி. இவ்வளவும் செய்து 29க்குக் கீழே இறங்காத வீடு என்றால் சில்லருக்குப் பணம் சேர்க்கும்வரை பவளம் வேண்டாம்.

மின்சாரம் போனால் சூட்டை விட மூச்சுதான் முதல் கவலை. மாதப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலைதான் வரும். வேவ்மேக்கரை மட்டும் வீட்டு இன்வர்ட்டரில் இணையுங்கள். விளக்கையும் விசிறியையும் அதில் போட்டு பேட்டரியைக் காலி செய்யாதீர்கள்.

சுழற்சி என்னும் காத்திருப்பு

இப்போது தொட்டியில் உப்புத் தண்ணீர், பாறை, மணல் இருக்கின்றன. உயிர் இல்லை. உயிர் வந்தால் கழிவு வரும், கழிவு அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. இவை பாறையின் துளைகளில் குடியேறிப் பெருக வேண்டும். குடியேற்றத்துக்குச் சாப்பாடு வேண்டும், அதனால் நாமே அம்மோனியா கொடுக்கிறோம்.

பழைய வழி, உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவது. வேலை செய்யும். ஆனால் வீடு நாறும், அளவும் கையில் நிற்காது. அம்மோனியம் குளோரைடு போடுவது மேல். நம் ஊர் ஈயம் பூசுபவர்கள் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம் அதுதான். ஆனால் கடையில் விற்கும் நவச்சாரக் கட்டியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஆய்வகத் தரத்தில் சிறு பாட்டில் வாங்குங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும். கூடவே பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவையும் ஊற்றலாம், நாள் குறையும். விளக்கு போடாதீர்கள், பாசிக்கு இப்போதே விருந்து வைக்க வேண்டியதில்லை.

என் இரண்டாவது தொட்டியின் நோட்டிலிருந்து சில வரிகள் (நிறங்கள் சோதனைக் கிட்டின் நிற அட்டையில் பார்த்தவை):

நாள் 1: அம்மோனியா 2. நைட்ரைட் 0.
நாள் 9: அம்மோனியா 1. நைட்ரைட் லேசான ஊதா.
நாள் 18: அம்மோனியா 0. நைட்ரைட் அட்டையின் கடைசி நிறம், அதற்கு மேலும் இருக்கலாம்.
நாள் 27: மாற்றமில்லை. எரிச்சல்.
நாள் 34: நைட்ரைட் 0. மறுபடி 2 பிபிஎம் போட்டேன்.
நாள் 35: இரண்டும் 0.

முப்பத்தைந்தாம் நாள் நடந்ததுதான் பரீட்சை. 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் நைட்ரைட் மிச்சமில்லாமல் முழுவதும் நைட்ரேட்டாக மாற வேண்டும். மாறிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, ஒன்றிரண்டு மீன் விடலாம். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீனாகக் கேளுங்கள். நம் பக்கத்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் வேலை செய்த இடம். கடலில் பிடித்ததைக் காட்டிலும் வளர்த்தது தொட்டிக்கு எளிதில் பழகும்.

அசிங்கமான மாதம்

அடுத்துத் தொட்டி கெட்டுவிட்டது போல் தெரியும். நாள் 40இல் மணல் முழுக்க வறுத்த மல்லித்தூள் தூவியது போல் பழுப்புப் படலம். கையால் விசிறினால் பறக்கும், மாலைக்குள் மறுபடி படியும். டயட்டம் என்னும் நுண்பாசி அது. சிலிக்கேட்டைத் தின்று தீர்த்ததும் தானாகப் போய்விடும். பிறகு பச்சை முடிப்பாசி. அதற்குப் பின் சிவப்பு வழவழப்பு சில தொட்டிகளில் வரும். பாசி மேயும் நத்தைகளை இப்போது விடுங்கள் (சிப்பி, சங்கு வகைகளிலும் பாதுகாக்கப்பட்ட இனங்கள் உண்டு, பெயர் கேட்டு வாங்குங்கள்). முடிப்பாசியைக் கையால் பிடுங்குங்கள், மீனுக்குத் தீனியைக் குறையுங்கள்.

மருந்து ஊற்றாதீர்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் பொடிகளைப் போட்டு எல்லாவற்றையும் பூஜ்யம் ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஜ்யம் நல்லதல்ல. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு தீர்ந்த தொட்டியில் டைனோஃபிளாஜெலேட் என்ற பழுப்புச் சளி பிடிக்கும். அதை விரட்டுவதோடு ஒப்பிட்டால் முடிப்பாசி எவ்வளவோ மேல். பவளமும் பட்டினி கிடக்கும்.

விளக்கை இந்த மாதம்தான் தொடங்க வேண்டும். நீலம் மேலோங்கிய எல்.ஈ.டி., முப்பது சதவீத வெளிச்சம், நாளுக்கு ஆறு மணி நேரம். வாரம் ஒருமுறை சிறிது கூட்டி எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள். மென்பவளங்களுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நோட்டு என்ன சொல்ல வேண்டும்

இரண்டு மாதம் கடந்ததும் தினம் ஒரே நேரத்தில் காரத்தன்மை பாருங்கள். விளக்கு எரிந்து அணைவதற்குள்ளேயே எண்கள் ஏறி இறங்கும் என்பதால்தான் ஒரே நேரம். சிறு குப்பியில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டுக் குலுக்க வேண்டும். ஏழு சொட்டுவரை நீலமாகவே இருக்கும். எட்டாவதில் ஓரத்தில் மஞ்சள் சுழி ஒன்று ஓடி மறையும். ஒன்பதாவதில் குப்பி முழுக்க மஞ்சள். அதுதான் 9 டி.கே.ஹெச்., காரத்தன்மையை அளக்கும் அலகு. என்னுடைய கிட் இப்படி. சில கிட்களில் நிறம் வேறாக இருக்கும்.

8க்கும் 9க்கும் இடையே எதுவாக இருந்தாலும் சரி. இன்று 8, நாளை 9.5, அடுத்த நாள் 7.5 என்று ஆடினால்தான் ஆபத்து. கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,350. இவை இரண்டையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நைட்ரேட் 2க்கு மேல் 10க்குள், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். உப்பு 35. வெப்பம் ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. இப்படிப் பதினான்கு நாள் வந்தால் பவளத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.

எண் ஒன்று விலகினால் உடனே பாட்டிலைத் தேடாமல் பத்து சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். மென்பவளம் சுண்ணாம்பை அதிகம் இழுப்பதில்லை, வாராந்திரத் தண்ணீர் மாற்றமே ஈடு செய்துவிடும். நம் சுவர்ப் பூச்சுக்குக் கரைப்பதும், வெற்றிலைக்குத் தடவுவதும், பவளத் தொட்டிக்காரர்கள் சொட்டுச் சொட்டாக விடுவதும் வேதியியலில் ஒரே நீற்றிய சுண்ணாம்புதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அதற்காக வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பவளம் வருகிற நாள்

ஒரே ஒரு துண்டு. காளான் பவளமோ நட்சத்திரப் பாலிப்போ. சென்னையிலிருந்து இரவு பஸ் பார்சலில் வருவதாக இருந்தால் விடியற்காலையில் போய் நின்று வாங்குங்கள்; வெயில் ஏறிய பின் பார்சல் அலுவலகத்தில் கிடந்தால் மூன்று மாதமும் வீண்.

விளக்கை அணைத்துவிட்டுப் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்துப் பவளக் குளியல் மருந்தைச் சொன்ன அளவு கலந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் துண்டை முக்கிச் சொட்டுக் குழாயால் மெதுவாக ஊதுங்கள். தட்டைப் புழு, சின்ன நத்தை, நட்சத்திரப் பூச்சி ஏதாவது விழும். டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மருந்து முட்டையைக் கொல்லாது. முட்டைக் கூட்டம் கண்ணில் பட்டால் பழைய பல்துலக்கியால் சுரண்டிவிடுங்கள். பிறகு வேறு கிண்ணத் தண்ணீரில் அலசித் தொட்டிக்குள் வையுங்கள். பைத் தண்ணீரையும் மருந்துத் தண்ணீரையும் வெளியே கொட்டுங்கள்.

சோவாந்திட் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அந்தக் குடும்பத்தில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட வேண்டாம். அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவோ, வெந்நீர் ஊற்றிக் கழுவவோ கூடவே கூடாது. ஆவியில் ஏறிய விஷம் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடும் வீடு என்றால் சோவாந்திட்டே வேண்டாம், காளான் பவளத்தோடு நிறுத்துங்கள்.

முதலில் தரையோரம், ஓட்டம் மிதமாக, வெளிச்சம் குறைவாக இருக்கும் இடம். அன்று முழுக்க விளக்கு வேண்டாம். மறுநாள் பவளம் சுருங்கிக் கறுத்த திராட்சை போலக் கிடக்கும். நான்கு நாள் அப்படியே கிடக்கலாம். எனக்கு முதல் காளான் பவளம் ஆறாம் நாள் மாலை, விளக்கு அணைய அரை மணி நேரம் இருக்கும்போது, விளிம்பை மட்டும் அரிசி அளவுக்குத் தூக்கியது. அடுத்த நாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்து, ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தது. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "இதற்குத்தானா என் தரையைக் கெடுத்தாய்" என்றார்.

திறக்கவில்லை என்று இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழகும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பத்து நாள் ஆகியும் திறக்காவிட்டால் நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் காரத்தன்மையோ உப்போ அந்த வாரத்தில் ஆடியிருக்கும். உடல் கரைந்து சளியாகி நாற்றம் வந்தால் மட்டும் எடுத்து வெளியே போடுங்கள். இரண்டாவது துண்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை சனிக்கிழமை தோறும் பதினாறு லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள், தேதி போட்டு எழுதுங்கள்.